கால்கள் தெரியாத சன்னல்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பெரியவளும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதா? மருந்துக் கடைக்காரன் மருந்து சாப்பிட மாட்டான் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் செப்டம்பரில் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்த உரிமையில் சொல்கிறேன், ஒழுங்காகச் சாப்பிடு.

ஒரு நல்ல செய்தி. தேச இலக்கியத் தொகைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நாடு முழுவதிலிருந்தும் கதைகளைத் திரட்டிப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பாடமாக வைக்கப் போகும் பெரிய தொகுப்பு. வட்டாரக் கதைகளை ஆராயப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் பேராசிரியர் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். "தேசத்தைப் பத்தி எழுதும்மா, தெருவைப் பத்தி எழுதி என்ன ஆகப்போகுது?" என்றார். தெருக்களைக் கழித்துவிட்டால் தேசத்தில் என்ன மிச்சம் இருக்கும் என்று அன்றைக்குத் திருப்பிக் கேட்கத் தைரியம் வரவில்லை. பிறகு புத்தகமாக எழுதிக் கேட்டேன். இப்போது குழுவின் செயலர் அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுகிறார். எனக்கு ஒரு மகன் இருந்தால் அவர் வயதுதான் இருக்கும். "அம்மா, உங்க சன்னல் முறையை மனப்பாடமா வச்சிருக்கேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒளிப்பானேன்?

சன்னல் முறை என்றாலே நீ கொட்டாவி விடுவாய். விட்டுக்கொள். எழுதுகிறவர் எதைப் பார்த்தார் என்பதை எல்லோரும் கவனிப்பார்கள். எதைப் பார்க்க முடியாமல் விட்டார் என்று கவனித்தால் அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்பதை விரல் வைத்துச் சொல்லிவிடலாம். என் முப்பது வருடப் பிழைப்பு இந்த ஒரு வரிதான்.

செயலர் ஒரு கதையைக் கொடுத்திருக்கிறார். பெயர் போடாமல் ஏதோ சின்னப் பத்திரிகையில் வந்தது. வேலைநிறுத்தம் செய்த கூரை ஓட்டுத் தொழிற்சாலைக்காரர்களை மத்தியான வெயிலில் கூட்ஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். அவ்வளவுதான் கதை. முடித்ததும் முதல் வரிக்குத் திரும்பிப் போய் மறுபடி படித்தேன். இது உங்கள் ஊரில் நடந்ததாகச் சொல்கிறார்கள். அரசாங்கம் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்கிறது. உனக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்குத்தானாம். நான் உன் கட்டிலை விட்டு நகரவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. இதைத் தொகுப்பில் சேர்த்து எழுதியவரை மேடையேற்றிக் கௌரவிக்க வேண்டும் என்கிறார் செயலர். ஆளைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

கதையில் தலைகள் வருகின்றன, தோள்கள் வருகின்றன. ஓரிடத்தில்கூட ஒரு கால் வரவில்லை. வண்டியின் கூரை வருகிறது, சக்கரம் வரவில்லை. ஆக, அது மாடிச் சன்னல். நடுவில் ஒரு மதில். அங்கே அப்படி யார் வீடு இருக்கிறது? கடைக்கு வருகிறவர்களிடம் பேச்சுவாக்கில் விசாரித்து எழுது.

பெரியவளுக்கு என் அன்பு. செப்டம்பரில் தன் மாடி அறையை எனக்குக் கொடுத்துவிட்டுக் கீழே பாயில் படுத்தாளே, அதை மறக்கவில்லை.

உன் பதில் வரும்வரை தபால்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும்,
அக்கா

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? கீழ்வீட்டு டாக்டரம்மாவிடம் வாரம் ஒருமுறை காட்டு. இவள் நலம். சின்னவன் நலம், கணக்கில் மட்டும் கொஞ்சம் நலக்குறைவு.

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. ஊரெல்லாம் காய்ச்சல், கடையில் நிற்க நேரமில்லை. நீ குழுவில் சேர்ந்தது எங்களுக்கெல்லாம் பெருமை. இவள் தெருவில் ஒருத்தரை விடாமல் சொல்லிவிட்டாள்.

சன்னலைப் பற்றிக் கேட்டிருந்தாய். சன்னல் என்று பார்த்தால் எல்லா வீட்டிலும் சன்னல் இருக்கிறது, எல்லா ஊரிலும் மதில் இருக்கிறது. இதில் நான் என்னத்தை விசாரிப்பது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், நீ படித்தவள், சிரிக்காதே. ஒருவர் பெயர் போடாமல் எழுதினால் பெயர் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? கதவைத் தாழ்போட்டுக்கொண்டு இருப்பவரை மாலையோடு போய்த் தட்டினாலும் அவருக்கு அது தட்டல்தான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே. தொகுப்பில் போட எத்தனையோ கதை இருக்கும். இதை விட்டுவிடு.

வேறு விசேஷம் இல்லை. தையல் ஆறிவிட்டது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்,
தம்பி

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை. டாக்டரம்மாவிடம் காட்டினேன். இந்த வயதுக்கு இது பரவாயில்லை என்றார். அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

ஓணானுக்குப் பயந்தவன் நீ. சின்ன வயதில் பல்லிக்கும் பயந்தாய். உன் உதவி இல்லாமலே நான் கண்டுபிடித்துவிட்டேன். செயலர் ரயில்வேயிலிருந்து வரைபடம் வரவழைத்துக் கொடுத்தார். கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் மதில் ஓடுகிறது. மதிலுக்கு எதிரே ஒரே ஒரு தெரு. கதையில் நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தால் தெருவின் கிழக்கு வரிசை. உங்கள் தெருதானடா! உன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இப்படி ஒரு எழுத்து இருந்திருக்கிறது, நீ மாத்திரை விற்றுக்கொண்டிருக்கிறாய். முதல் அறிக்கையைக் கொடுத்துவிட்டேன்.

செயலர் ஒரு வார்த்தை சொன்னார், அன்று முழுக்க மனதில் ஓடியது. "எல்லாச் சன்னலும் சேர்ந்ததுதான் தேசம்னு நீங்கதானேம்மா எழுதினீங்க. எந்தச் சன்னல் எங்க இருக்குன்னு தேசத்துக்குத் தெரிய வேண்டாமா?" என் வாக்கியத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் ஏனோ அது என் வாக்கியம் மாதிரி இல்லை.

எழுதியது ஆணா பெண்ணா என்று கேட்டார். பெண் என்றேன். வயது கேட்டார். இருபது, இருபத்திரண்டு இருக்கும், பயம் வந்த இடத்தில் வாக்கியம் குட்டையாகிறது, வயதானவர்கள் பயந்தால் நீட்டி எழுதுவார்கள் என்றேன். குறித்துக்கொண்டார். நன்றாக எழுதுகிற ஒரு பெண்ணை உலகத்துக்குக் காட்டப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

போன கடிதத்தில் பெரியவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெண் பிள்ளையை மறந்தாயா? அவளிடம் இந்தக் கதையைப் பற்றிச் சொல், சந்தோஷப்படுவாள்.

உன்னைவிடக் கெட்டிக்காரியான,
அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். இவள் நலம். சின்னவன் நலம்.

போன வாரம் நான்கு பேர் தெருவுக்கு வந்தார்கள். குடிநீர்க் குழாய் அளக்க வந்ததாகச் சொன்னார்கள். குழாயை யாரும் பார்க்கவில்லை. வீடு வீடாக மாடி ஏறிப் போய்ச் சன்னலருகில் நின்றார்கள். ஒருவர் மதில்மேல் அளவுநாடா பிடித்தார். எங்கள் வீட்டிலும் ஏறினார்கள். "நல்லா காத்து வருது சார், இங்க யார் இருக்காங்க?" என்று கேட்டார் ஒருவர். பழைய சாமான் போட்டு வைக்கிற இடம் என்றேன். அறையில் ஒரு மேசையும் நாற்காலியும் இருந்தன. அவர் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார். தூசி இல்லை.

உன் கடிதத்தின் உறை ஓரத்தில் பசை ஈரமாக இருந்தது. தபால்காரரிடம் கேட்டேன். பதினைந்து வருடமாக என்னிடம் கடனுக்கு இருமல் மருந்து வாங்குகிற மனிதர், அன்றைக்குக் குனிந்த தலையை நிமிர்த்தாமலே போய்விட்டார். உனக்கு வருகிற உறையையும் பார்த்துக்கொள், கிழிந்திருந்தால் தபால்காரரிடம் சண்டை போடாதே.

மாடி அறையில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தச் சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டேன். இப்போது நிம்மதி.

இவள் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். சின்னவனும் கேட்டான்.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. என் வழக்கப்படி படித்தேன். எழுதியிருப்பதை ஒரு முறை, எழுதாமல் விட்டதை ஒரு முறை. பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். உலகத்துச் சன்னலையெல்லாம் ஆராய்ந்தவள், பத்து நாள் படுத்திருந்த அறையின் சன்னலைத் திறந்து பார்க்கவில்லை. விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனேன், இருட்டிய பிறகு வந்து படுத்தேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். எல்லோரையும்.

அறிக்கையில் தவறு இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று செயலரிடம் கேட்டேன். தெருவே தப்பு, ஊரே தப்பு என்றேன். அவர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். "கொடுத்த அறிக்கை விட்ட அம்புதானேம்மா. நீங்களே ஏன் இப்படி பயப்படுறீங்க? எழுதினவங்களைக் கௌரவிக்கத்தானே போறோம்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தேநீரைத் தொடாததை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தவளையைவிட மோசம். அது கத்தினால் அதைத்தான் பாம்பு பிடிக்கும்.

கொசுவுக்குச் சன்னலை அடைத்தாய், சரி. ஆனால் தெருவில் வேறு வீடுகளில் கொசு இல்லையா? வரிசையாக இருக்கிற வீடுகளில் ஒரே ஒரு வீட்டுச் சன்னலில் மட்டும் புதுப் பூச்சு இருந்தால் போகிறவர் வருகிறவர் என்ன நினைப்பார்கள்? அறிக்கையில் தெரு வரைக்கும்தான் இருந்தது. முடிந்தால் இடித்துவிடு. கொசுவலை வாங்கிக்கொள்.

கவனமாக இரு, கண்ணா.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இவள் நலம். சின்னவன் நலம்.

நீ எழுதியதைப் படித்த பிறகுதான் நான் செய்த காரியம் புரிந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டேன். "இப்பதானே சார் கட்டச் சொன்னீங்க, அதுக்குள்ள இடிக்கச் சொன்னா எனக்குப் பிரச்சினை ஆயிடும்" என்று வர மறுத்துவிட்டார். கட்டியது பற்றி அவரிடம் யாரோ கேட்டிருக்கிறார்கள். நானே உளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். எதிரே மதிலோரம் ஒருவர் நின்றுகொண்டு நம் மாடியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உளியோடு இறங்கி வந்துவிட்டேன். அவர் பிறகு கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டார். எடுத்துக் கொடுப்பதற்குள் என் கையிலிருந்து டப்பா இரண்டு தடவை விழுந்தது. "நிதானமா சார், அவசரமில்ல" என்றார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைக்கு யார் வந்தாலும் அவர்கள்தானோ என்று தோன்றுகிறது. நீ பெரிய இடத்தில் இருக்கிறாய். உனக்கு ஏதாவது தெரியுமா?

தம்பி

மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

அந்தக் கதையை எழுதியது நான்தான். இன்று காலை செயலரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன், உனக்கும் சொல்ல வேண்டியது முறை. உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று நான் உன் கட்டிலை விட்டு நகரவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். நீ மயக்கத்தில் இருந்தாய், உனக்குத் தெரியாது. மத்தியானம் குளித்துவிட்டு வரலாம் என்று வீட்டுக்குப் போனேன். மாடி அறையில் துணி மாற்றும்போது சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். ஊருக்குத் திரும்பி வந்து எழுதினேன்.

அதே கதையைக் குழு என்னிடமே கொடுத்து ஆளைத் தேடச் சொன்னபோது எனக்கு ஆணவம் வந்துவிட்டது. என் முறை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்கிற ஆணவம். என்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டதும், இளம்பெண் என்று செயலரிடம் சொன்னதும் என்னை மறைத்துக்கொள்ளத்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அரசாங்கச் செலவில் வைத்துக்கொண்டேன்.

உன் வீட்டில் யாருக்கும் இதில் சம்பந்தமில்லை. தங்க வந்த வீட்டுச் சன்னலை உன்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். அதனால் உனக்கு வந்த தொல்லைக்கு மன்னித்துவிடு. யார் வந்து கேட்டாலும் உனக்குத் தெரிந்ததைச் சொல்.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கை வரவில்லை.

உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். இவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கூடப்பிறந்தவனிடம்கூட மறைத்துவிட்டாயே. உன்னை என்ன சொல்வது? திட்டுவதா, வேறு என்ன செய்வதா?  நீ இப்படிச் செய்வாய் என்று நான் நினைக்கவே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீ எத்தனை முறை படித்தாலும் சரி.

பெரியவளுக்குத்தான் உன்மேல் பயங்கரக் கோபம். கடிதத்தைக் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. "அத்தைக்கு யாரு உரிமை கொடுத்தது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அத்தை தங்கிய அறைச் சன்னலைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதைச் சொல்கிறாள் போலிருக்கிறது. சின்னப் பெண், போகப் போகச் சரியாகிவிடும்.

மாத்திரையை விடாதே.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆசை. இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். பல்கலைக்கழகம் என் அறையைப் பூட்டிவிட்டது. வாசலில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர், செருப்புச் சத்தம்கூட வராமல் நடப்பார். அதுதான் பயமாக இருக்கிறது. டாக்டரம்மாவை மட்டும் உள்ளே விடுகிறார்கள்.

செயலர் வந்தார். என் புத்தகத்தையும் கொஞ்சம் வெள்ளைத்தாளையும் மேசைமேல் வைத்தார். "நீங்க எழுதினதுன்னு சொல்றதை நான் நம்புறேன்மா. மேல இருக்கறவங்க நம்பணுமே. அதே சன்னல்ல இருந்து இன்னொரு பக்கம் எழுதிக் கொடுங்க. உங்க முறைப்படியே சரிபார்த்துடலாம்" என்றார். நான் எழுதி முடிக்கும் வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

தம்பி, எத்தனையோ பேர் எழுதியதற்கு மதிப்பெண் போட்ட கை இது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு சொல் வரவில்லை.  அடுத்தவர் பரீட்சைத்தாளில் வட்டம் போடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் அறைக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நீ திரும்பி வரமாட்டாய் என்று நான் நினைத்தேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. அதை எழுதினேன்.

ஒருத்தி மாடிச் சன்னலில் நிற்கிறாள். தம்பியை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். மதிலுக்கு அப்பால் நான்கு தலைகள் வருகின்றன, தோள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. அவர்கள் எதையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. படுத்திருக்கிறவன் தெரியவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று அந்த நான்கு முகங்களை வைத்துத்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டும். முகங்கள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கின்றன. அழுகிற முகமும் வெயிலில் நடக்கிற முகமும் தூரத்திலிருந்து ஒன்று போலத்தான் இருக்கின்றன. அவ்வளவுதான் எழுதினேன்.

செயலர் படித்தார்.  தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நேர்ல போய்ப் பார்த்துட்டு வரேன்மா" என்றார். உன் வீட்டுக்கு வருவார். நல்ல நாற்காலியாகப் போடு.

அக்கா

மே 3

அக்கா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. வண்டியோடு உன் ஊர் வரை போகிற அடுத்த வீட்டு ரயில்வே கார்டு இதை உன் டாக்டரம்மாவிடம் சேர்ப்பதாகச் சொன்னார். அதனால் இந்த ஒரு முறை மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

எழுதியது பெரியவள்தான். உனக்குத் தெரியும். இருந்தாலும் எங்காவது ஓரிடத்தில் நான் அதை எழுத வேண்டும். அன்று இவள் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், சின்னவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவள் மட்டும் தனியாக அந்தச் சன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பத்திரிகை வந்த பிறகுதான் எங்களுக்கே சொன்னாள்.

செயலர் திங்கட்கிழமை வந்தார். முதலில் என்னைக் கேட்டார். "ஆபரேஷன் அன்னைக்கு மத்தியானம் உங்க அக்கா எங்க இருந்தாங்க?" அக்கா, மயக்கம் தெளிந்து நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் நீ இருந்தாய். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொன்னார்கள், ஈரத்துணியால் என் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தாய். நான், "அவ குளிக்க வீட்டுக்குப் போயிருந்தா சார், ரொம்ப நேரம் காணோம்" என்று சொன்னேன். நம் அம்மா இருந்திருந்தால் என் வாயில் சூடு போட்டிருப்பாள்.

பிறகு கூட்டிவந்த ஆளை வைத்துச் சன்னல் அடைப்பை இடித்தார்கள். செயலர் உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன் டிரைவரை ஒரு பலகையில் படுக்க வைத்து, நான்கு பேரைத் தூக்கச் சொல்லி, மதிலுக்கு அப்பால் நடக்கவிட்டார். நானும் பார்த்தேன். நான்கு தலைகள் வந்தன. படுத்திருந்தவன் தெரியவில்லை. இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செயலர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். நீ ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத சன்னல் அது.

கீழே இறங்கும்போது பெரியவள் எதிரில் நின்றாள். "அத்தை நல்லா எழுதுறாங்க, இல்ல? நீ எழுதுவியாம்மா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். இவள் குறுக்கே புகுந்து, "அவளுக்கு மளிகைச் சீட்டு எழுதவே வணங்காது சார்" என்றாள். அவர் சிரித்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அந்தச் சன்னலை மறுபடி அடைச்சிடுங்க. கொசு வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அடைத்தேன்.

இப்போது பெரியவள் உன் ஊருக்கு வந்து உண்மையைச் சொல்லப் போகிறேன் என்கிறாள். "என் கதைக்கு அத்தை உள்ள இருக்கணுமா? அது என் கதை, நான் சொல்லிக்கறேன்" என்று பெட்டியைக் கட்டினாள். காலில் விழுந்து கேட்டேன், அப்பன் மகள் காலில் விழுந்தேன். கேட்கவில்லை. மாடி அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டேன். சன்னல் இல்லாத அறை. சாப்பாட்டை உள்ளே வைத்துவிட்டு மறுபடி பூட்டுகிறேன். அவள் கதவைத் தட்டுவதில்லை. தட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது. அவர்கள் செய்வார்களோ என்று நான் பயந்ததை நானே செய்துவிட்டேன்.

உன்னை வேறு எங்கோ மாற்றப் போவதாக அடுத்த வீட்டுக்காரர் கேள்விப்பட்டிருக்கிறார். அங்கே என்னென்ன கேட்பார்கள் என்று நினைக்கவே முடியவில்லை. இந்த நிலைமையில் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்கிறேன். நீ சொன்னதை மாற்றிச் சொல்லிவிடாதே. யார் என்ன செய்தாலும் மாற்றிவிடாதே. என்னைவிட மூத்தவளாகப் பிறந்த பாவத்துக்கு இதைக் கேட்கிறேன். எனக்கு வேறு யாரும் இல்லை.

தம்பி

மே 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நால்வருடைய நலமும் அறிய ஆசை. டாக்டரம்மா வந்து பார்த்தார். இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறதாம். பயப்படும்படி இல்லை.

நாளை என்னை வேறு இடத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். முகவரி சொல்லவில்லை. இரண்டு புடவையும் மூக்குக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். புத்தகம் கூடாதாம். எனக்குப் பயம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் அந்தக் கதை என்னுடையது. எங்கே வைத்துக் கேட்டாலும், எத்தனை தடவை கேட்டாலும், இதையேதான் சொல்வேன். அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

பெரியவளிடம் ஒன்று சொல். அவள் கோபம் நியாயமானது. இத்தனை வருடம் மற்றவர்களின் பெயரைத் தேடித் தேடி எழுதியவள் நான், எடுக்கக் கூடாததை எடுத்துக்கொண்டேன். அதை ஒருநாள் உரியவர்களிடம் கொடுத்துவிடுவேன். அதுவரைக்கும் அவசரப்படாமல், அச்சுக்குப் போகாமல், எழுதிக்கொண்டே இருக்கலாம் என்பது என் எண்ணம். நான் என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. உன் மாடி அறையில் இப்போது காற்றே இருக்காது. நான் மூத்தவள், சொன்னால் கேள். பூட்டை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து வை.

அக்கா